பள்ளிக்கூடத்தில் செப்பிடு வித்தை

(உபாத்தியாயர்களும் பெற்றோர்களும் கூடிய ஒரு பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடம் சொல்லும்போது செப்பிடு வித்தைகளைச் செய்து காட்டிச் சொல்லிக் கொடுக்கலாமா என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். "மந்திரம் பொய், மாயம் பொய், அற்புதம் பொய் என்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டு திரிகிற சுயமரியாதைக்காரர்கள் இப்பொழுது பள்ளிக்கூடத்துக்குள்ளேயே மந்திரக்கோலைத் தூக்கிக்கொண்டு நுழைகிறார்களே!" என்று கேலி செய்யலாம். நமது தோழர்களிலேயே சிலர், ஏற்கனவே மூட நம்பிக்கையில் ஊறிப்போன வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு மாயாஜாலத்தையும் காட்டினால், உள்ள அறிவும் போய்விடாதா என்று பயப்படலாம். ஆகவே இந்தச் சந்தேகத்திற்கு முதலில் சமாதானம் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்திற்குப் போகிறோம்.

வித்தைக்காரனும் சாமியாரும்

சந்தைத் திடலில் துணியை விரித்து, மூன்று செப்புகளைக் கவிழ்த்து வைத்து, இந்தச் செப்பிலிருந்த பந்தை அந்தச் செப்புக்கு ஓட்டிக் காட்டுகிறவனை உங்களில் வயதானவர்களாவது பார்த்திருப்பீர்கள். அவன் என்ன சொல்லுகிறான்? "ஐயா! இது கைவித்தை, வயிற்றுப் பிழைப்பு, பார்த்துச் சந்தோஷப்பட்டால் ஆளுக்கொரு காசு போடுங்கள்" என்கிறான். நீங்களும் ஏமாந்தோம் என்று தெரிந்தே ஏமாந்து, சிரித்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அவன் யோக்கியமான தொழிலாளி.

இனி சாமியாரைப் பாருங்கள். விபூதியில் கஞ்சி கலந்து உருட்டிக் காயவைத்த உருண்டையை விரலிடுக்கில் மறைத்து வைத்திருந்து, கையைச் சுழற்றும்போது அதை நசுக்கி உங்கள் உள்ளங்கையில் கொட்டுகிறான். இதற்கு வேண்டியதும் அதே கைவேகந்தான். ஆனால் இவன் "இது கைவித்தை" என்று சொல்லுவதில்லை. "இது பகவான் அருள்" என்கிறான். வித்தைக்காரனுக்கு ஒரு காசோடு போயிற்று. இவனுக்கோ உங்கள் நிலம், நகை, பெண்டு பிள்ளைகளின் புத்தி எல்லாம் போகிறது. இரண்டு பேருக்கும் கை ஒன்றுதான், வாய்தான் வேறு.

ஆகவே தோழர்களே! நாம் வித்தைக்கு விரோதிகளல்ல. வித்தையை மூடி வைத்து அதன்மேல் கடவுள் பெயரை எழுதி ஒட்டுகிறவனுக்குத்தான் விரோதிகள். பள்ளிக்கூடத்தில் காட்டும் வித்தையைக் காட்டியவுடனே திறந்து வைக்க வேண்டும் என்பதே நமது கட்சி. திறக்காத வித்தை பக்தனை உண்டாக்கும். திறந்த வித்தை மனிதனை உண்டாக்கும். இன்று நாம் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு விஷயந்தான்.

ஒரு சிட்டிகை மஞ்சள்

முதலில் உங்கள் அடுப்பங்கரையிலேயே ஆரம்பிப்போம். ஆலம் கரைக்கிற தாய்மார்களுக்குத் தெரியும், மஞ்சள் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பாகிவிடும் என்று. மஞ்சளிலே குர்குமின் என்று ஒரு நிறப்பொருள் இருக்கிறது. அது காரமான பொருளோடு சேர்ந்தால் சிவக்கும். புளிப்பான பொருளோடு, அதாவது அமிலத்தோடு சேர்ந்தால் மறுபடியும் மஞ்சளாகும். சோறு தின்னும்போது சட்டையில் சிந்திய குழம்புக் கறை, சோப்புப் போட்டவுடன் சிவந்து, அலசினவுடன் மஞ்சளாகிறதை எந்தப் பிள்ளைதான் பார்த்ததில்லை?

இந்த அற்ப விஷயத்தைக் கொண்டு ஊரில் என்ன நடக்கிறது? வீட்டிலே ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் நிற்கவில்லை, அல்லது பெற்ற குழந்தை தங்கவில்லை என்றால், மந்திரவாதி வருகிறான். செம்பிலே மஞ்சள் தண்ணீர் வைக்கிறான். மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே நகக்கண்ணில் வைத்திருந்த சுண்ணாம்போடு விரலை விட்டுக் கலக்குகிறான். தண்ணீர் ரத்தம் போல் சிவக்கிறது. "பார்த்தீர்களா, ரத்தக் காட்டேரி குடியிருக்கிறது" என்கிறான். பிறகு கூலி பேசி முடிந்ததும் எலுமிச்சம்பழத்தைப் பிழிகிறான். தண்ணீர் பழையபடி மஞ்சளாகிறது. "காட்டேரி போய்விட்டது" என்கிறான். இன்னும் சிலர், செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சிவப்பாய்ச் சாறு வடியச் செய்கிறார்கள். செம்பருத்தியின் சாயம் புளிப்புப் பட்டால் சிவக்கும் என்பதற்குமேல் இதில் ஒன்றுமில்லை.

தோழர்களே! இங்கே காட்டேரி வந்தது சுண்ணாம்பினால், போனது எலுமிச்சம்பழத்தினால். ஆனால் அந்த வீட்டுக்காரி காதில் கிடந்த தோடு போனது எதனால்? ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர் போனது எதனால்? "இந்த வினையை வைத்தவள் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரி" என்று மந்திரவாதி கைகாட்டிவிட்டுப் போனானே, அதனால் ஒரு பாவமும் அறியாத ஒரு விதவை தெருவில் நடக்க முடியாமல் போனது எதனால்? ஒரு சிட்டிகை மஞ்சளின் குணம் என்னவென்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாததினால்தானே!

இத்தனைக்கும் அந்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படித்துப் பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருப்பான். "லிட்மஸ் காகிதம் காரத்தில் நீலமாகும், அமிலத்தில் சிவப்பாகும்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் வீட்டுச் செம்பில் தண்ணீர் சிவந்தபொழுது தாயாரின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். ஏன்? அவன் படித்தது புஸ்தகத்திலுள்ள காகிதத்தைப் பற்றி. பயந்தது வீட்டிலுள்ள செம்பைப் பற்றி. இரண்டும் ஒன்றே என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அதே செம்பை உபாத்தியாயர் வகுப்புக்குக் கொண்டுவந்து, அதே மந்திரத்தை முணுமுணுத்து, அதே தண்ணீரைச் சிவக்க வைத்து, பிறகு நகக்கண்ணைத் திறந்து சுண்ணாம்பைக் காட்டியிருந்தால், அந்தப் பையன் மந்திரவாதியின் விரலைப் பிடித்திருப்பான்.

மூடி வைத்த வித்தை யாருக்கு உதவிற்று?

வித்தையும் விஞ்ஞானமும் கூடினால் நன்மைதான் வரும் என்று நாம் சொல்ல வரவில்லை. மூடி வைத்தால் என்ன வரும் என்பதற்குச் சரித்திரமே சாக்ஷி.

எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியா நகரத்தில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஹீரோன் என்று ஒரு யந்திர வல்லுநர் இருந்தார். அவர் எழுதி வைத்த யந்திரங்களில் ஒன்று, பலிபீடத்தில் தீ மூட்டியவுடன் கோவில் கதவு தானே திறப்பது. தீயின் சூட்டினால் பீடத்துக்கடியிலுள்ள காற்று விரிந்து, ஒரு பாத்திரத்திலுள்ள தண்ணீரை இன்னொரு வாளிக்குத் தள்ளும், வாளி கனத்துக் கீழே இறங்கும், அது கயிற்றை இழுக்கும், கதவு திறக்கும். தீ அணைந்து காற்று குளிர்ந்தால் தண்ணீர் திரும்பிப் போகும், கதவு மூடிக்கொள்ளும். இன்னொன்று, காசு போட்டால் அளவாய்த் தீர்த்தம் கொடுக்கும் பெட்டி! ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னாலேயே காற்றுக்கும் நெம்புகோலுக்கும் உள்ள சக்தி மனிதனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்? பீடத்துக்கடியில் இருப்பதை அறியாமல் எதிரே நிற்கிறவன், கடவுள்தான் கதவைத் திறந்தார் என்று விழுந்து கும்பிடுவானே தவிர, காற்றைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள மாட்டான்.

இன்னொரு உதாரணம் சொல்லுகிறோம். 1856-ம் வருஷத்தில் பிரெஞ்சு சர்க்கார், ராபேர் ஊதேன் என்ற பேர்பெற்ற வித்தைக்காரரை வட ஆப்பிரிக்காவிலுள்ள அல்ஜீரியாவுக்கு அனுப்பிற்று. அவர் ஒரு சிறு பெட்டியை மேடையில் வைத்து, பலசாலியான ஒரு அராபியனைத் தூக்கச் சொன்னார். சுலபமாய்த் தூக்கினான். "இப்பொழுது உன் பலத்தை எடுத்துவிட்டேன், தூக்கு பார்க்கலாம்" என்றார். பெட்டி அசையவில்லை. பெட்டியின் அடியில் இரும்பு, மேடைக்கடியில் மின்காந்தம். மேற்கொண்டு கைப்பிடியில் மின்சாரத்தையும் பாய்ச்ச, அந்த மனிதன் அலறிக்கொண்டு ஓடினான். அந்த ஊர்ச் சாமியார்களின் செல்வாக்கை ஒடிப்பதற்காகவே இந்த ஏற்பாடு என்று சொல்லப்பட்டது. ஆனால் நோக்கம் என்ன? அராபியனுக்குக் காந்தத்தைப் பற்றி அறிவூட்டுவதா? இல்லவே இல்லை. "உங்கள் சாமியாரைவிட எங்கள் வித்தை பெரிது, ஆகவே அடங்கிக் கிடங்கள்" என்று காட்டுவதுதான். உள்ளூர்ச் சாமியாரிடமிருந்த பயம் வெளியூர் அதிகாரியிடம் மாறிற்று, அவ்வளவே. ஆகவே வித்தையைத் திறக்காத உபாத்தியாயர் எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும், வகுப்பிலே இன்னொரு சாமியாராக உட்கார்ந்துவிடுவார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திறந்து காட்டியவர்

இதற்கு நேர்மாறாய் ஒருவரைச் சொல்லுகிறோம். மைக்கேல் பாரடே என்பவர் 1791-ல் இங்கிலாந்தில் ஒரு கருமானுக்குப் பிள்ளையாய்ப் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. புஸ்தகம் பைண்டு பண்ணுகிற கடையில் வேலைக்கிருந்து, பைண்டு பண்ண வந்த புஸ்தகங்களையே படித்து அறிவாளியானவர். இன்று உங்கள் வீட்டில் எரிகிற மின்சாரத்துக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர். லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற ஸ்தாபனத்தில் 1825-ம் வருஷம் முதல் கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்கென்றே விஞ்ஞானப் பிரசங்கங்கள் ஏற்பட்டன. பாரடே அதில் பல தடவை பேசினார். ஒரு சாதாரண மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே 1848-லும், பிறகு 1860-61-லும் தொடர் பிரசங்கங்கள் செய்தார். எரிகிற வர்த்தியை ஊதி அணைத்து, மேலே எழும்புகிற புகையில் நெருப்பைக் காட்டினால், நெருப்பு புகை வழியாய்க் கீழே தாவித் திரியைப் பற்றிக்கொள்ளும். பார்க்கிறவனுக்கு மாயம், ஆனால் பாரடே, எரிவது மெழுகின் ஆவிதான் என்பதைக் காட்டிக் கொடுத்தார். இந்தப் பரிசோதனையை நீங்கள் இன்றிரவே வீட்டில் செய்து பார்க்கலாம்.

அதே பாரடே 1853-ல் இன்னொரு காரியம் செய்தார். அக்காலத்தில் ஐரோப்பாவில் ஆவிகளைக் கூப்பிடுவது பெரிய மனிதர்கள் வீட்டு வழக்கமாயிருந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கையை வைத்தால் மேஜை தானே நகரும். ஆவி நகர்த்துகிறது என்பார்கள். பாரடே இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, மேல்பலகை கொஞ்சம் நகர்ந்தாலும் காட்டிக் கொடுக்கும்படி ஒரு முள்ளையும் பொருத்தி, அதன்மேல் கை வைக்கச் சொன்னார். மேஜை நகருவதற்கு முன்னாலேயே கைகள் தள்ளுகின்றன என்பது வெளியாயிற்று. முள்ளைத் தாங்களே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபொழுதோ மேஜை நகரவே இல்லை! அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. தங்கள் கை தள்ளுவது தங்களுக்கே தெரியவில்லை. சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைத் திறந்து காட்டிய அதே புத்திதான் பெரியவர்களுக்கு ஆவியையும் திறந்து காட்டிற்று.

நமது பக்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் இல்லாமலில்லை. திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரசாஸ்திர உபாத்தியாயராயிருந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுகிறவர்களுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுப்பதாக 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும் வரையில் ஒருவரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் மறைந்த பி. பிரேமானந்த், சாமியார்கள் செய்யும் அற்புதங்களை ஊர் ஊராய்த் தாமே செய்து காட்டி, அப்புறம் ஒவ்வொன்றாய்த் திறந்தும் காட்டினார். அவர் தெருவில் செய்ததை உபாத்தியாயர் வகுப்பில் செய்ய வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

வேடிக்கை வேறு, பாடம் வேறு

நிற்க. வித்தையைக் காட்டிவிட்டால் மாத்திரம் பிள்ளைக்கு அறிவு வந்துவிடுமா? வராது. அமெரிக்காவிலுள்ள ஹார்வர்ட் சர்வகலாசாலையில் காதரின் கிரௌச், எரிக் மேஸூர் முதலியவர்கள் 2004-ல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். உபாத்தியாயர் செய்து காட்டுகிற பரிசோதனையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்த மாணவர்கள், அதைப் பார்க்காத மாணவர்களைவிட விஷயத்தை அதிகமாய் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லையாம். ஆனால் "என்ன நடக்கும்?" என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் நன்றாய்ப் புரிந்துகொண்டார்களாம். பிள்ளைகள் கை தட்டினார்கள் என்பதற்காகப் பாடம் நடந்துவிட்டது என்று எந்த உபாத்தியாயரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கை தட்டல் சினிமாக் கொட்டகையிலும் கிடைக்கும்.

ஆகவே எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பாடத்தை முழுதும் சொல்லுகிறோம்.

ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் ஊசியால் சிறு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஓட்டையை ஒரு விரலால் அடைத்துக்கொண்டு, டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி, வாயை ஒரு அட்டையால் மூடி, அட்டையைப் பிடித்தபடி கவிழ்த்துங்கள். இப்பொழுது அட்டையிலிருந்து கையை எடுக்கப் போகிறீர்கள். எடுப்பதற்கு முன்னால், "என்ன நடக்கும்?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் "கொட்டும்" என்றுதான் எழுதுவார்கள். கையை எடுங்கள். தண்ணீர் கொட்டாது, அட்டையும் விழாது.

"ஏன்?" என்று கேளுங்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு பையன், "அட்டை ஈரத்தில் ஒட்டிக்கிச்சு சார்" என்பான். ஒரு பெண், "தண்ணீர் நிறைய இருந்ததாலே" என்பாள். ஒருவன், "நீங்க மந்திரம் போட்டீங்க" என்பான். இன்னொருவன், "சாமி தாங்குது சார்" என்பான். யாரையும் திட்ட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். நாலு பதிலையும் பலகையில் எழுதுங்கள். "சரி, ஒவ்வொன்றாய்ச் சோதித்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள்.

தண்ணீர் நிறைய இருந்ததாலா? பாதி டம்ளர் வைத்துக் கவிழ்த்துங்கள். அப்பொழுதும் நிற்கிறது. மந்திரத்தாலா? மந்திரம் சொல்லாமல் ஒரு தடவை கவிழ்த்துங்கள். நிற்கிறது. சாமியாலா? அந்தப் பையனையே கூப்பிட்டு, ஒரு தடவை சாமி பெயரைச் சொல்லியும், ஒரு தடவை சொல்லாமலும், ஒரு தடவை உங்கள் பெயரைச் சொல்லியும் கவிழ்க்கச் சொல்லுங்கள். மூன்று தடவையும் நிற்கிறது. ஈரத்தால் ஒட்டியதாலா? இப்பொழுது அட்டை ஈரமாய்த்தான் இருக்கிறது. அடியிலுள்ள ஓட்டையை அடைத்திருந்த விரலை மாத்திரம் எடுங்கள். அட்டை விழுந்து தண்ணீர் கொட்டிவிடும்! ஈரம் அப்படியே இருந்தது. மாறியது ஒன்றே ஒன்றுதான்: மேலே காற்று நுழைந்தது. ஆகவே தாங்கிக்கொண்டிருந்தது எது என்பதைப் பிள்ளைகளே சொல்லுவார்கள்.

அப்புறம் கணக்குப் போடச் சொல்லுங்கள். காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. டம்ளர் வாய் 7 சென்டிமீட்டர் அகலமானால் அட்டையை அடியிலிருந்து சுமார் 38 கிலோ தள்ளுகிறது. டம்ளரிலுள்ள தண்ணீரோ கால் கிலோ. சாமி ஒருவர் வந்து தாங்க வேண்டிய அவசியம் எங்கே இருக்கிறது?

இத்தோடும் விடக்கூடாது. "இந்த ஓட்டை வித்தையைக் கொண்டு யாராவது ஏமாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். வற்றாத சொம்பு என்று காட்டுகிறார்களே, கவிழ்த்துக் காலி செய்த சொம்பிலிருந்து மறுபடியும் மறுபடியும் தீர்த்தம் வருகிறதே, அந்தச் சொம்புக்குள்ளே மறைவாக இன்னொரு அறையும், விளிம்பருகே விரலால் அடைக்கத்தக்க ஓட்டையும் இருக்கின்றன. விரல் அடைத்தால் தண்ணீர் நிற்கும், எடுத்தால் வரும். டம்ளரைக் கண்ட பிள்ளை சொம்பைப் பார்த்தவுடன் சாமியார் முகத்தைப் பார்க்க மாட்டான், விரலைப் பார்ப்பான். அன்றைக்குத்தான் பாடம் முடிந்ததென்று அர்த்தம்.

கடைசியாக, அந்த வித்தையைப் பிள்ளையே வீட்டில் போய்ப் பாட்டிக்குச் செய்து காட்டி, குட்டையும் உடைத்துவிட்டு வர வேண்டும். பெரியவர்களுக்கு நாம் பத்து மேடையில் பேசியும் ஏறாதது, பேரன் சொன்னால் ஏறும்.

செய்யக் கூடாதவை

உற்சாகத்தில் எல்லாவற்றையும் வகுப்புக்குக் கொண்டு வந்துவிடக் கூடாது. நாக்கில் கற்பூரம் கொளுத்துவது, நெருப்பில்லாமல் ஓமகுண்டம் பற்ற வைப்பதற்காகப் பெர்மாங்கனேட்டில் கிளிசரின் ஊற்றுவது, ஸ்பிரிட்டில் நனைத்த துணியைக் கொளுத்துவது ஆகியவை பழகினவர்கள் எச்சரிக்கையோடு செய்கிற காரியங்கள். பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கத் துணிவார்கள். வாயும் கையும் வெந்துபோகும். வீட்டில் போய்ச் செய்தால் கெடுதி வராத வித்தை எதுவோ அதுவே வகுப்புக்கு உரியது.

தீமிதியைப் பற்றிக் கேட்டால், நெருப்பில் இறங்கிக் காட்ட வேண்டியதில்லை. கொதிக்கிற குழம்பில் மரக் கரண்டியும் இரும்புக் கரண்டியும் கிடக்கட்டும். எந்தக் காம்பு சுடுகிறது என்று தொட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். தணலும் சாம்பலும் மரக் கரண்டியைப் போல் சூட்டை மெதுவாய்த்தான் கடத்துகின்றன. கால் படுகிற நேரமும் கொஞ்சம். ஆதலால் வேகமாய் நடக்கிறவன் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளுகிறான். தயங்கினவனும் விழுந்தவனும் வெந்துபோகிறான். அம்மன் அருள்தான் காக்கிறதென்றால், அதே சூட்டில் காய்ந்த இரும்புத் தகட்டின்மேல் நடக்கட்டுமே!

இன்னொன்று. பிள்ளையின் தாயாரையும் வீட்டையும் வகுப்பில் கேவலப்படுத்தக் கூடாது. ஏமாந்தவர்கள் குற்றவாளிகளல்ல, ஏமாற்றினவனே குற்றவாளி. அதேபோல், வித்தை என்று சொல்லியே பிழைக்கிற தொழிலாளியின் ரகசியங்களையெல்லாம் அம்பலப்படுத்தி அவன் வயிற்றில் அடிக்க வேண்டியதுமில்லை.

எதற்காக இவ்வளவு பாடு?

1995-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி இந்தியாவெங்கும் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஜனங்கள் கரண்டியும் பாலுமாய்க் கோவில் வாசலில் வரிசையாய் நின்றார்கள். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் நின்றார்கள். விஞ்ஞானிகள் பாலில் கொஞ்சம் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிலை குடித்ததாகச் சொன்ன பால் தும்பிக்கையிலிருந்து மெல்லிய படலமாய் உடம்பு வழியே கீழே வழிவது வெளிப்பட்டது. திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை என்று ஒவ்வொரு பள்ளிப் புஸ்தகத்திலும் இருக்கிற விஷயந்தான் அது. அன்று வரிசையில் நின்ற லட்சோப லட்சம் பேரில் அதைப் படித்துத் தேறினவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இந்து மதத்தை மாத்திரம் சொல்லுகிறோம் என்று நினைக்க வேண்டாம். 2012-ல் பம்பாயில் ஒரு மாதா கோவில் சிலுவையிலிருந்து தண்ணீர் சொட்டிற்று. அற்புதம் என்று ஜனங்கள் கூடினார்கள். சனல் இடமருகு என்ற பகுத்தறிவாளர் போய்ப் பார்த்து, அடைபட்ட சாக்கடைத் தண்ணீர் சுவர் வழியே திரி எண்ணெய் உறிஞ்சுவதுபோல் ஏறி வருகிறது என்று சொன்னார். சாக்கடையைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாய் அவர்மேல் புகார் செய்தார்கள். அவர் தேசத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம், 2013 ஆகஸ்டு 20-ந் தேதி, மராட்டிய நாட்டில் மூட நம்பிக்கை ஒழிப்புக்காகவே உழைத்த டாக்டர் நரேந்திர தபோல்கர் பூனா நகரத்தில் காலையில் நடந்து போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். மந்திரவாதப் பித்தலாட்டத்தைத் தண்டிக்கும் சட்டம் வேண்டுமென்று வருஷக்கணக்காய் அவர் கேட்டது, அவர் செத்த பிறகுதான் வந்தது. வித்தையைத் திறந்து காட்டுவது விளையாட்டுக் காரியமல்ல, தோழர்களே!

நமது நாட்டிலே என்ன வாழுகிறது? 2024-ல் சென்னையில் அரசாங்கப் பள்ளிக்கூடத்திற்கே ஒரு பிரசங்கி அழைத்து வரப்பட்டு, முன்ஜன்மப் பாவத்தினால்தான் இந்த ஜன்மத்தில் அங்கஹீனம் வருகிறது என்னும்படி பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தார். கண் பார்வையற்ற ஒரு உபாத்தியாயர் அங்கேயே எழுந்து ஆட்சேபித்தார். கண்ணுள்ளவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கண்ணில்லாதவருக்குத்தான் தெரிந்தது! விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் இந்திய அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். எழுதினது ஏட்டில் இருக்கிறது. பிரசங்கி பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். இந்த இடத்தைக் காலியாய் விட்டால் அவர்கள் வருவார்கள். ஆகவேதான் மஞ்சளும் சுண்ணாம்பும் டம்ளரும் அங்கே போக வேண்டும் என்கிறோம்.

ஆட்சேபணைகள்

உபாத்தியாயர்கள் "பாடம் முடிய வேண்டும், பரீட்சை வருகிறது, நேரமெங்கே?" என்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் போதும். டம்ளர் வித்தை காற்றழுத்தப் பாடத்துக்கு வெளியிலுள்ளதா? மஞ்சள் வித்தை அமிலப் பாடத்துக்கு வெளியிலுள்ளதா? "எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வுக்கூடம் இல்லை" என்கிறார்கள். மந்திரவாதியிடம் எந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது? அவன் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஊரையே ஆளும்போது, உங்களால் ஒரு வகுப்பை ஆள முடியாதா?

பெற்றோர்கள் "பிள்ளைகளுக்குப் பக்தி போய்விடுமே" என்கிறார்கள். ஒரு சிட்டிகை சுண்ணாம்பில் போய்விடுகிற பக்தி இருந்தென்ன, போயென்ன?

முடிவாக ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறோம். உபாத்தியாயத் தோழர்களே, வாரம் ஒரு வித்தை காட்டுங்கள். காட்டியதை அன்றே திறந்துவிடுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து "ஏன்?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று சொல்லாதீர்கள், தெரியாவிட்டால் "வா, செய்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். நாம் இவ்வளவு நேரம் சொன்னதையும், நாம் சொன்னோம் என்பதற்காக நீங்கள் நம்ப வேண்டாம். மஞ்சள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. சுண்ணாம்பு வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. கலந்து பாருங்கள். சிவந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், சிவக்காவிட்டால் அடுத்த கூட்டத்தில் வந்து நம்மைக் கேளுங்கள்.